ஓடுகிற வண்டியைத் திறப்பவர்

செகந்திராபாத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களைப் பார்த்தவுடனே இரண்டாகப் பிரித்துவிடலாம். வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தால் அவர் சாதாரண மனிதர். வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தால், நான் சொல்ல வந்த பிறவி அவர்தான்: பழைய டூரிங் வண்டிக்காரர்.

டூரிங் வண்டி என்றால் என்னவென்று நீங்கள் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. அவரே சொல்வார், நிறுத்தச் சொன்னாலும் சொல்வார். தூரப் பயணத்துக்கென்றே வெள்ளைக்காரன் செய்த வண்டி. குடம்போல் பெட்ரோல் டாங்க், நாற்காலிபோல் சீட்டு, பின்னால் இரண்டு பக்கமும் துணிமணி வைத்துக்கொள்ளத் தோல் பெட்டிகள். ஏறி உட்கார்ந்தால் கன்னியாகுமரியில் போய்த்தான் இறங்கவேண்டும். "போயிருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். அது அவரைப் புண்படுத்தும். போகக்கூடிய வண்டி என்பதுதான் அவருக்கு முக்கியம். அந்தத் தோல் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். துணிமணியா இருக்கும்? ஸ்பேனர், ஸ்பேனர், ஸ்பேனர். அடியில் கிழிந்த பனியன்.

இந்த வண்டி வீட்டுக்கு வந்த விதமே தனி. கடையில் பணம் கட்டி, சாவி வாங்கி, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி ஓட்டிவருவது மற்றவர்கள் வழக்கம். இவரோ திருமுல்கேரியில் பட்டாளம் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுப்பார். சேற்றில் புரண்டு, மணலில் புதைந்து, யார் யாரையோ சுமந்து, கடைசியில் பட்டாளமே தலைமுழுகிய வண்டி. இவருக்கு அதுவே நற்சான்றிதழ். "மிலிட்டரி வண்டி" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார், பரம்வீர் சக்கரம் வண்டிக்கே கொடுத்துவிட்டது மாதிரி.

என் தம்பி புருஷோத்தமன் இந்தப் பிறவியில் ஒரு முழு உருப்படி. கூடப் பிறந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை: எங்கள் குடும்பத்தில் டிப்ளமா வரைக்கும் போனவன் அவன் ஒருவன்தான். குஷாய்குடாப் பக்கம் இருக்கும் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் வேலை. அவன் கைபட்ட கருவி பழுது என்று திரும்பி வந்ததில்லை என்று அவனுடைய ஆபீசரே எங்கள் லாலாகுடா குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, என் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னார். அப்படிப்பட்ட கை ஞாயிற்றுக்கிழமையானால் என்ன செய்கிறது? நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளைப் பிரித்து, என் பழைய படுக்கை விரிப்பின் மேல் பரப்பிவைக்கிறது.

இவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு தினமும் ஃபாக்டரிக்கு எதில் போகிறான் என்கிறீர்கள்? ஃபாக்டரி பஸ்ஸில். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"டேய், வாசல்ல ஆனை மாதிரி கட்டிவெச்சிருக்கியே, அதுல போனா என்னடா?"

"அக்கா, ஆபீசுக்கெல்லாம் அதை ஓட்டக்கூடாதுக்கா. கொஞ்ச தூரம் போய்ப் போய் நிறுத்தினா பிளக் கறுத்துப்போயிடும். அது லாங் ரூட் வண்டி."

"அப்ப லாங் ரூட் போ."

"போகலாம். இன்ஜின் இன்னும் செட்டாகலை."

செட்டாகணும்! இந்தப் பிறவியின் மூலமந்திரம் அதுதான். தயிர் உறைகிறது, சிமெண்ட் இறுகுகிறது, கல்யாணமான பெண்கூட ஒரு வருஷத்தில் புகுந்த வீட்டில் பழகிவிடுகிறாள். இந்த இன்ஜின் மட்டும் செட்டாவதேயில்லை. ஆகிவிடும்போல் இருக்கும், அந்தச் சமயம் பார்த்து இவர் திறந்துவிடுவார்.

அதைக் கிளப்பும் சடங்கை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். முதலில் யாரும் பேசக்கூடாது. பெட்ரோல் குழாயைத் திருப்பி, கார்புரேட்டரின் தலையில் விரலால் குத்தி, அது அழுது வழிந்ததும் துடைத்து, ஒரு சின்ன நெம்புகோலை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, காலால் மெதுவாக அமுக்கி, எதையோ நினைத்துக்கொண்டு கண்ணை மூடி, பிறகு உடம்பின் மொத்த பாரத்தையும் போட்டு ஓர் உதை. ஒன்றும் நடக்காது. பக்கத்து வீட்டு ஜுலைகா கொடியில் உலர்ந்த துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போகும் நேரம் அது. இன்னோர் உதை. வண்டி திருப்பி இவரை உதைக்கும். நொண்டிக்கொண்டே சிரிப்பார். "கம்ப்ரெஷன் நல்லாயிருக்கு, பாத்தியாக்கா?" தன்னை உதைத்த பொருளை இத்தனை பெருமையோடு பார்க்கிற இன்னொரு ஜீவனை நான் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இனம் கூட்டம் சேரும். ஒருவர் வண்டியைச் சுற்றி நான்கு பேர் குந்துவார்கள். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, டாக்டர்போல் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். நான்கு பேருக்கும் நான்கு வியாதி கேட்கும். தேவசகாயம் என்று தம்பிக்கு ஒரு சிநேகிதன், அவனுக்கு எப்போதும் மேக்னெட்டோ, அதாவது இன்ஜினுக்குத் தீப்பொறி தருகிற சமாச்சாரம். விளக்கு எரியவில்லையா, மேக்னெட்டோ. பிரேக் பிடிக்கவில்லையா, எதற்கும் மேக்னெட்டோவை ஒருதரம் பார்த்துவிடுவோம். எனக்கு முட்டிவலி என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டான், பாவம்.

புது வண்டிகளைப் பற்றி இவர்கள் அபிப்பிராயம் என்ன? "தகரம்." ஸ்கூட்டர்? "தையல் மெஷின்." நிஜாம் காலத்துப் பூட்டைப் பார்த்தாலும் மயங்குகிற இவர்கள், ஒரே உதையில் கிளம்புகிற எதையும் மனிதன் ஏறத் தகுந்தது என்று ஒப்புவதில்லை. தம்பிக்கு வந்த முதல் சம்பந்தம் இதனால்தான் போனது. பெண்ணின் அப்பா பெரிய மனது பண்ணி, "மாப்பிள்ளைக்குப் புது ஸ்கூட்டர் ஒண்ணு புக் பண்ணிடறோம்" என்றார். இவன் எழுந்து நின்றுவிட்டான். "தையல் மெஷின்ல ஏறி நான் ரோட்ல போகமாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். இந்தக் காலத்தில் சீதனம் வேண்டாம் என்று சொன்ன பிள்ளை என்று ஊரெல்லாம் மெச்சினார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அம்மா போன பிறகு இவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைப்பது என் பொறுப்பாகிவிட்டது. வயது முப்பத்திரண்டு. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி என் நாக்கு தேய்ந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்யாணத்தில் வேதாவைப் பார்த்தேன். காஜிப்பேட்டை ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற பெண். பந்தியில் ஒரு பெரியவர் மூன்று தடவை ரசம் கேட்டும் பரிமாறுகிறவர்கள் காதில் விழவில்லை. இவள் சாப்பாட்டை விட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, தானே வாளியை எடுத்து ஊற்றிவிட்டு, மறுபடி உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டாள். இவள்தான் என் வீட்டுக்கு வரவேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. விசாரித்தேன். அப்பா கோவிந்தராஜன், கூட்ஸ் வண்டி கார்டு. குடிப்பாரா? இல்லை. சீட்டாடுவாரா? இல்லை. கடன் உண்டா? இல்லை. அம்மா கமலா, அதிர்ந்து பேசாதவர். ஜாதகமும் பொருந்தியது. எல்லாவற்றையும் விசாரித்தேனே, வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் போட்டு எதையாவது மூடிவைத்திருக்கிறார்களா என்று மட்டும் விசாரிக்கவில்லை. யார்தான் அப்படி விசாரிப்பார்கள், சொல்லுங்கள்?

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதென்று ஏற்பாடு. சனிக்கிழமை காலையில் தம்பி ஆரம்பித்தான்.

"நீயும் மாமாவும் ரயில்ல போயிடுங்கக்கா. நான் வண்டியில வந்துடறேன்."

"மூணு பேரும் சேர்ந்தே போலாம்டா."

"காஜிப்பேட்டை என்ன, கூப்பிடு தூரம். வண்டியில போய் இறங்கினா எப்படி இருக்கும், நெனச்சுப் பாரு."

"நெனச்சுப் பார்த்துதான்டா சொல்றேன்."

"அது டூரிங் வண்டிக்கா!"

பேப்பருக்குப் பின்னாலிருந்து எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: "வரட்டும் விடு. லாரிக்காரங்களுக்கும் பொழப்பு வேணாமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வண்டி அதுவரை போன நீண்ட பயணங்கள் எல்லாம் லாரியின் மேல் ஏறிப் போனவைதான். போன்கிரிலிருந்து ஒரு தடவை பூசணிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் ராஜாபோல் வந்து இறங்கியது.

"சரி, வந்து தொலை. ஆனா ஒண்ணு. நாளைக்குக் கிளம்புற வரைக்கும் ஸ்பேனரைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"தொடமாட்டேன்."

"என் மேல சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

உடனே சொல்லிவிட்டான். அது போதாது என்று எனக்குத் தெரியும். "வண்டி மேல கைவெச்சு சொல்லு" என்றேன். கையைப் பாதிவரை கொண்டுபோனவன், "டாங்க் பாலிஷ் போட்டிருக்கேன்க்கா, ரேகை பதியும்" என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வண்டி திருமுல்கேரிவரை போய், திரும்பி வந்தது. ஒரே உதையில் கிளம்பியதாம். வழியில் எங்கும் நிற்கவில்லையாம். சாதாரண மனிதனாக இருந்தால் என்ன செய்வான்? தேங்காய் உடைத்துவிட்டுப் போய்ப் படுப்பான். இவன் முகத்தில் கவலை படிந்திருந்தது. தேவசகாயம் வந்து உட்கார்ந்தான். நான் சமையல்கட்டில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எப்படிடா ஓடிச்சு?"

"ஒரு சத்தமும் இல்லை."

"டாப்பெட் சத்தம்?"

"அதுவும் இல்லை."

"அப்படி இருக்காதே!"

"அதான்டா எனக்கும் பயமா இருக்கு."

கேட்டீர்களா? சத்தம் வந்தால் ஒரு பயம், வராவிட்டால் அதைவிடப் பெரிய பயம். நோய் இருந்தால் மருந்து கொடுக்கலாம். ஆரோக்கியத்துக்கு இவர்களிடம் மருந்து கிடையாது. வயிற்றைக் கிழித்துத்தான் பார்க்கவேண்டும்.

காலையில் நான் கதவைத் திறந்தபோது படுக்கை விரிப்பு விரிந்திருந்தது. அதன் மேல் சின்னது, பெரியது, உருண்டை, நீளம் என்று வண்டியின் குடல் முழுவதும் கல்யாணச் சீர்வரிசைபோல் ஒழுங்காக அடுக்கிவைக்கப்பட்டிருந்தது. நடுவில் என் தம்பி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, விரல் நுனியால் ஒரு இரும்புத் துண்டைத் தடவிக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஜுலைகாவின் தலை தெரிந்தது.

"கைக்கு கோலே ஜீ? சல்ரீ தீ நா காடீ!" ஓடிக்கொண்டிருந்த வண்டியை எதற்காகத் திறந்தாய் என்றுதான் கேட்டாள். தெருவில் யாருக்கும் தோன்றக்கூடிய கேள்வி.

தம்பி நிமிர்ந்து மரியாதையாகப் பதில் சொன்னான்: "ஹவ் ஆபா, சல்ரீ தீ. உஸீச் வாஸ்தே கோலா." ஆமாம், ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் திறந்தேன்.

இந்த இனத்தைப் பற்றி நான் இத்தனை நேரம் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டாலும், இந்தப் பதிலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"பாவி, இன்னிக்குப் பொண்ணு பாக்கப் போறோம்டா!"

"இன்ஜின் ஹெட்டை மட்டும்தான்க்கா இறக்கினேன். சின்ன வேலை. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வந்துடறேன்."

"ஓட்டிக்கிட்டா, உருட்டிக்கிட்டா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"கவலைப்படாதீங்கக்கா" என்றான் பக்கத்தில் குந்தியிருந்த தேவசகாயம். "மேக்னெட்டோவை மட்டும் ஒருதரம்..."

அவன் முடிப்பதற்குள் நான் பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரயிலுக்கு நடந்துவிட்டேன்.

காஜிப்பேட்டையில் அவர்கள் வீடு பெருக்கிக் கோலம் போட்டு, மணத்துக்கொண்டிருந்தது. கமலா அம்மாள் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை?"

"மோட்டார் சைக்கிள்ல வர்றான்" என்றேன், வேறு என்ன சொல்ல?

அந்த அம்மாளின் முகம் சட்டென்று வாடியது. "புது வண்டியா?" என்று கேட்டார்.

"பழசு."

"ரொம்பப் பழசா?"

ஏழைப்பட்டவர்கள் என்று நினைத்துவிட்டாரோ என்று நான் அவசர அவசரமாக அந்த வண்டியின் பெருமையையெல்லாம் எடுத்துச் சொன்னேன். மிலிட்டரி வண்டி, வெள்ளைக்காரன் செய்தது, காசு கொடுத்தாலும் இப்போது கிடைக்காது. நான் சொல்லச் சொல்ல அவர் சுவரில் சாய்ந்துகொண்டே போனார்.

கேசரி சூடாக வந்தது. ஆறியது. பஜ்ஜி தட்டில் சோர்ந்து படுத்துவிட்டது. வேதா உள்ளறையில் தலை நிறைய கனகாம்பரத்தோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க, இவளை விட்டுவிடக்கூடாதே என்று நான் வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. பேசிக்கொண்டிருந்த கோவிந்தராஜன் பாதியில் நிறுத்தினார். கன்றின் குரல் கேட்ட பசுபோல் தலையைத் தூக்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

வாசலில் என் தம்பி. கண்கள் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வண்டி தன் சொந்தக் காலில் ஒரு தூரப் பயணம் வந்திருந்தது. அந்தப் பூரிப்பில் இறங்கவும் மறந்து உட்கார்ந்திருக்கிறான். இன்ஜினை நிறுத்தவுமில்லை, நிறுத்தினால் மறுபடி கிளம்பாதோ என்ற பயம். அந்த இரைச்சலுக்கு நடுவே, பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையிடம் கேட்ட முதல் கேள்வி:

"டாப்பெட் கொஞ்சம் டைட்டா இருக்கோ?"

"நானும் அதான் சார் நெனச்சேன்!"

"எந்த மாடல்?"

தம்பி சொன்னான். கோவிந்தராஜன் டாங்க்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எத்தனையோ பொருத்தம் பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே பத்துப் பொருத்தமும் கூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் பெண்ணோடு இல்லை.

கமலா அம்மாள் மாப்பிள்ளைக்குக் கை கழுவ என்ன கொண்டுவந்தார் தெரியுமா? தண்ணீர் இல்லை. சிரட்டையில் மண்ணெண்ணெய், பக்கத்தில் ஒரு பிடி மரத்தூள். யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை; வழக்கம்போல் கொண்டுவந்து வைத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். குளியலறைக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு ஒரு தார்ப்பாய். அதன் கீழே சக்கரம் இல்லாமல், தலை இல்லாமல், ஒரு மோட்டார் சைக்கிளின் நடு உடம்பு. வேதா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது திறந்ததாம். சின்ன வேலைதானாம்.

அதற்குமேல் மாப்பிள்ளையும் மாமனாரும் வீட்டுக்குள் வரவில்லை. அவர்களை அழைத்துவர எங்கள் வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

வேதா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, கோவிச்சுக்கக்கூடாது. எங்கம்மாவைப் பாருங்க."

கமலா அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு, யார் மேலும் குறை சொல்லாத குரலில் சொன்னார்: "இவ பொறக்கிற சமயம். வலி வந்தா வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்னு சொன்னாரு. வண்டி நல்லாத்தான் ஓடிட்டிருந்தது. சரியா இருக்கான்னு பாக்க முதல் நாளே பிரிச்சுட்டாரு. ரிக்‌ஷாவுல பாதி வழியில பொறந்தா."

"அவன் ரொம்ப நல்லவன்மா" என்றேன். என் குரல் கெஞ்சியது எனக்கே கேட்டது. "வெத்திலைகூடப் போடமாட்டான். சம்பளக் கவரைப் பிரிக்காம என் கையில தர்றவன். ஒரு பொய் பேசமாட்டான்." முந்தின நாள் என் மேல் செய்த சத்தியத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"தெரியுதுக்கா. எங்கப்பாவும் நல்லவருதான்." கொஞ்சம் யோசித்தாள். "ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். சரியான பதில் சொன்னாருன்னா, எனக்குச் சம்மதம்."

எனக்கு உயிர் வந்தது. கொல்லைக்குப் போனோம். அவளைப் பார்த்ததும் தம்பி எழுந்து நின்றான். அப்போதுதான் முதல் தடவையாக அவளைப் பார்க்கிறான். பார்த்தவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். நான் மனதுக்குள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

"வண்டி எப்படிங்க ஓடிச்சு?" என்றாள் வேதா.

"பிரமாதமா ஓடிச்சுங்க. ஜனகாம் தாண்டினப்புறம் ஒரு குறையும் இல்லை."

"இப்ப அதுல கோளாறு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப, ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி அதைத் திறப்பீங்களா?"

அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் தலையை ஆட்டிய ஆட்டத்தில் கொண்டை அவிழ்ந்துவிட்டது. இல்லை என்று சொல்லடா. ஒரே ஒரு சொல். உன் பிள்ளைகுட்டிகள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறதடா. அவன் அவளைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பொய் சொல்லி அறியாத அந்த முகத்தில் ஒரு சின்னப் போராட்டம் ஓடியது.

"லேசா... ஹெட்டை மட்டும் ஒருதரம்..."

"பாக்கணும்மா!" என்றார் கோவிந்தராஜன், கீழே குந்தியபடியே. "இவ்வளவு தூரம் ஓடியிருக்கே!"

வேதா திரும்பினாள். உள்ளே போனாள். பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு, நூல் புடவை கட்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து, "மன்னிச்சுடுங்கக்கா" என்றாள். ராத்திரி டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். நடந்துதான் போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் ரயிலேறினோம். தம்பி ஒரு வாரம் லீவு சொல்லியனுப்பிவிட்டு அங்கேயே தங்கிவிட்டான். அடுத்த ஞாயிறு ரயிலில் வந்து இறங்கினான். அவன் வண்டியும் காஜிப்பேட்டைக் கொல்லையில் திறந்து கிடந்தது, ஜோடியாக.

"பொண்ணு வேணாம்னுட்டாடா" என்றேன்.

"தெரியும்க்கா." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை. "உண்மையைத்தானேக்கா சொன்னேன்?"

பொய் பேசாத பிள்ளை என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான்தானே. இன்னும் இரண்டு கரண்டி குழம்பை ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் முகம் தெளிந்தது. "கோவிந்தராஜன் சார் வண்டியில பிஸ்டன் இன்னும் புதுசு மாதிரியே இருக்குக்கா" என்றான். எனக்கு இரக்கம் போய்விட்டது.

அடுத்த தை மாதத்தில் வேதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தபால் ஆபீஸ் குமாஸ்தா. சைக்கிளுக்குக் காற்றடிக்கவும் தெரியாதவராம். ஜாதகத்துக்கு முன்னால் வேதா அதைத்தான் விசாரித்தாளாம். நானும் போயிருந்தேன். கன்னிகாதானம் செய்துகொடுக்கப் பெண்ணின் அப்பாவைத் தேடியபோது, வழக்கமான இடத்தில்தான் இருந்தார். பக்கத்தில் யார் இருந்தது என்று நான் சொல்லவேண்டுமா? பட்டு வேட்டியில் எண்ணெய்க் கறையோடுதான் மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தார். என் தம்பி இன்றைக்கும் மாதம் இரண்டு ஞாயிறு காஜிப்பேட்டைக்குப் போய்வருகிறான். ரயிலில்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. "எங்களுக்கு மோட்டார் சைக்கிளே கிடையாதே" என்கிறீர்கள். நல்லது. ஆனால், இந்த இனத்துக்கு மோட்டார் சைக்கிள் கட்டாயம் என்று யார் சொன்னது? நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பவர்கள் எந்த இனம்? ஆறிவரும் புண்ணின் பொருக்கை நகத்தால் கிளப்பிப் பார்ப்பவர்கள்? வெளியூரில் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தும் மகனுக்கு, "அங்கே ஏதும் பிரச்சினை இல்லையே?" என்று மூன்று கார்டு எழுதி, நாலாவதில் ஒரு பிரச்சினையை வரவழைப்பவர்கள்?

உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிர்ச் சுவரில் கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெண்டுலத்தின் சத்தத்தில் லேசாக ஒரு வித்தியாசம் இருப்பதுபோல் படுகிறதா? ஒன்றுமில்லை, ஓடட்டும். ஐயா, அந்த ஸ்டூலை எதற்கு இழுக்கிறீர்கள்?